நாளைலேருந்து சீரியஸா படிக்கிறோம் மச்சி!

ஃபைனல் இயர், ஆகஸ்ட் மாசம். 'கேட்' பரீட்சைக்கு அப்ளிகேஷன் போட்ட ராத்திரி, ஹாஸ்டல் ரூம்ல என் ரூம்மேட்கிட்ட நான் விட்ட டயலாக்தான் மேலே இருக்கற தலைப்பு. பரீட்சை பிப்ரவரியில. கையில முழுசா 160 நாள். போதாதா என்ன?

அன்னிக்கே டைம்டேபிள் போட்டோம். ஒரு சார்ட் பேப்பர், மூணு கலர் ஸ்கெட்ச் பேனா. தெர்மோடைனமிக்ஸுக்கு சிவப்பு, கணக்குக்குப் பச்சை, ஆப்டிட்யூடுக்கு நீலம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சு டைம்டேபிள் போட்டதுல, மறுநாள் எழுந்திருக்கும்போதே மணி பத்து. முதல் நாள் அவுட்!

'சரி, திங்கக்கிழமையிலேருந்து ஃப்ரெஷ்ஷா ஆரம்பிப்போம்'னு முடிவு பண்ணினோம். திங்கக்கிழமை, ஒண்ணாம் தேதி ஆச்சு. ஒண்ணாம் தேதி, ஆயுத பூஜை ஆச்சு. அப்புறம் தீபாவளி. அப்புறம் செமஸ்டர்.

இதுல வேடிக்கை என்னன்னா, இத்தனை நாளும் நான் சும்மா இருக்கவே இல்லை. பயங்கர பிஸி! டெலகிராம்ல நோட்ஸ் டவுன்லோடு பண்ணினேன். எந்த புக் பெஸ்ட்னு மெஸ்ஸுல மணிக்கணக்கா விவாதம் பண்ணினேன். டாப்பர்களோட பேட்டி வீடியோ அத்தனையும் பார்த்தேன். உட்கார்ந்து கணக்கு போடறதைத் தவிர மத்த எல்லாத்தையும் செஞ்சேன்.

பரீட்சை ஹால்ல கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தப்போ வந்தது ஒரு கேள்வி. ரெண்டு பொருள் ஒட்டி வெச்ச சுவர், அது வழியா எவ்வளவு வெப்பம் கடக்கும்? ஹீட் டிரான்ஸ்ஃபர்ல முதல் பாடம். தனித்தனியா ரெசிஸ்டன்ஸ் கண்டுபிடிச்சு கூட்டினா போதும், விடை வந்துடும். ஆப்ஷன் கிடையாது, நம்பரை நாமே அடிக்கணும். நெகட்டிவ் மார்க்கும் இல்லை. அல்வா மாதிரி கேள்வி. ஆனா என் டைம்டேபிள்ல ஹீட் டிரான்ஸ்ஃபர் கடைசி வரைக்கும் 'அடுத்த வாரம்'தான். வெறும் ஸ்கிரீனைப் பார்த்துட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன்.

ரிசல்ட் வந்துச்சு. கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் கீழே.

அப்பாவுக்கு போன் பண்ணினேன். திண்டுக்கல்ல அரசு பஸ் டிரைவர் அவர். கோச்சிங் ஃபீஸுக்கு சொசைட்டியில லோன் போட்டவர். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம், "பரவாயில்லப்பா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னார். 160 நாளா நான் ஜாலியா சொன்ன அதே வார்த்தை. அவர் வாயிலேருந்து வந்தப்போ சுருக்குன்னு குத்துச்சு.

நோபல் பரிசுக்காரரும் நம்ம கட்சிதான்!

மனசைத் தேத்திக்க ஒரு நிஜக் கதை. ஜார்ஜ் அகெர்லாஃப்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார நிபுணர். ஒரு வருஷம் இந்தியாவுல தங்கியிருந்தார். அவரைப் பார்க்க வந்த நண்பர் ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸ், ஃபிளைட்ல எடுத்துட்டுப் போக முடியாம ஒரு துணிப் பெட்டியை விட்டுட்டுப் போயிட்டார். அதை பார்சல்ல அமெரிக்காவுக்கு அனுப்பணும். அவ்வளவுதான் வேலை.

நம்ம ஊர்ல ஒரு பார்சல் அனுப்ப ஒரு நாள் முழுக்க அலையணும்னு அகெர்லாஃப் கணக்கு போட்டார். தினமும் காலையில எழுந்து, 'நாளைக்கு கண்டிப்பா அனுப்பிடணும்'னு முடிவெடுப்பார். எட்டு மாசத்துக்கு மேல இதே கதை! கடைசியில ஊருக்குத் திரும்பற இன்னொரு நண்பரோட சாமான்களோட சேர்த்துத்தான் பெட்டியைக் கழிச்சுக் கட்டினார். 2001-ல பொருளாதார நோபல் பரிசை வாங்கின மூணு பேர்ல ரெண்டு பேர் யார் தெரியுமா? இந்த அகெர்லாஃபும், பெட்டிக்குச் சொந்தக்காரர் ஸ்டிக்லிட்ஸும்தான்.

பெட்டிக் கதையை வெச்சே 1991-ல அகெர்லாஃப் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். விஷயம் இதுதான். இன்னிக்கு ஆரம்பிச்சா வர்ற கஷ்டம் கண்ணு முன்னாடி பெருசா தெரியுது. ஒரு நாள் தள்ளிப்போட்டா வர்ற நஷ்டம் ரொம்பச் சின்னது. அதனால 'நாளைக்கு'ங்கற முடிவு ஒவ்வொரு நாளும் நியாயமாத்தான் படும். ஆனா அத்தனை நாளையும் கூட்டிப் பார்த்தா, எட்டு மாசம் போயிருக்கும். என்னோட பெட்டி, ஹீட் டிரான்ஸ்ஃபர்!

சோம்பேறின்னு திட்டாதீங்க

தள்ளிப்போடறதும் சோம்பலும் ஒண்ணு இல்லை. திருக்குறள்ல 'மடியின்மை' அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்க. கெட்டுப்போக ஆசைப்படறவங்க விரும்பி ஏறுற படகுகள்னு நாலு விஷயத்தைச் சொல்றார் வள்ளுவர். அதுல சோம்பலுக்கு ஒரு இடம், தள்ளிப்போடறதுக்குத் தனியா இன்னொரு இடம். 'நெடுநீர்'னு அதுக்கு தனிப் பேரே வெச்சிருக்கார்!

இந்த விஷயத்தை ஆராய்ச்சி பண்ற ஃபூஷியா சிரோய்ஸ், டிம் பிச்சில் மாதிரியான உளவியல் நிபுணர்கள், இது நேரத்தைக் கையாள்ற பிரச்னைங்கறதைவிட மனநிலையைக் கையாள்ற பிரச்னைன்னு சொல்றாங்க. ஹீட் டிரான்ஸ்ஃபர் புக்கைத் திறந்தா, 'நமக்கு இது புரியலையோ'ன்னு வயித்துல ஒரு பயம். மூடி வெச்சா உடனே நிம்மதி. அந்த நிம்மதிக்குத்தான் நாம அடிமை. கலர் பேனா டைம்டேபிள் எனக்குக் கொடுத்ததும் அதே நிம்மதியைத்தான். படிக்காமலே படிச்ச ஃபீலிங்!

சாவியைப் போடு, கிளம்பு!

காலேஜ் முடிஞ்சு வீட்டுக்கு வந்தேன். ரெண்டாவது தடவை படிக்க ஆரம்பிச்சப்போவும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். ஒரு நாள் அப்பாகிட்ட, "படிக்க மூடே வரலப்பா"ன்னேன். விடியக்காலை டூட்டிக்கு காக்கிச் சட்டை மாட்டிக்கிட்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "நாலு மணிக்கு வண்டி எடுக்க எனக்கு மட்டும் மூடு வருதா? சாவியப் போடுவேன். கிளப்புவேன். பஸ் ஸ்டாண்ட் தாண்டினா தூக்கம் தானா போயிடும்."

அன்னிக்கு மாத்திக்கிட்டதுதான் இதெல்லாம். உங்களுக்கும் உதவலாம்.

ஆரம்பத்தைச் சின்னதாக்குங்க: 'இன்னிக்கு ஹீட் டிரான்ஸ்ஃபர் முடிக்கணும்'னு நினைச்சா அது அகெர்லாஃபோட பெட்டி. 'ஒரே ஒரு சுவர் கணக்கு போடணும்'னு நினைச்சா அது சாவி. பெட்டியைப் பார்த்துத்தான் பயப்படுவோம், சாவியைப் பார்த்து இல்லை.

எப்போ, எங்கேன்னு முடிச்சுப் போடுங்க: 'தினமும் படிப்பேன்'னு சொல்றதைவிட, 'இது நடந்ததும் அதைச் செய்வேன்'னு முடிவு பண்றது பலமா வேலை செய்யுதுன்னு, பீட்டர் கோல்விட்ஸர்ங்கற உளவியல் பேராசிரியர் ஆய்வுகள்ல காட்டியிருக்கார். என்னோட முடிச்சு: டிபன் சாப்பிட்டு தட்டு கழுவினதும், நேரா மாவட்ட மைய நூலகம். யோசிக்கவே இடம் கிடையாது. போன் வீட்டு பீரோவுல.

தக்காளி டைமர்: பிரான்செஸ்கோ சிரில்லோன்னு ஒரு இத்தாலிக்காரர், 1980-கள்ல காலேஜ் படிக்கும்போது தக்காளி வடிவ கிச்சன் டைமரை வெச்சுக்கிட்டுப் படிச்சார். 25 நிமிஷம் படிப்பு, 5 நிமிஷம் ரெஸ்ட். இதுதான் 'பொமோடோரோ'. இத்தாலிய மொழியில தக்காளின்னு அர்த்தம். எனக்கு அம்மாவோட பழைய அலாரம் கடிகாரமே போதுமா இருந்துச்சு.

பார்க்காதீங்க, போடுங்க: வீடியோ பார்க்கறது சுகம். கணக்கு போடறது கஷ்டம். ஆனா மனசுல நிக்கறது கஷ்டப்பட்டதுதான். 2006-ல ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு பேர் மாணவர்களை வெச்சு செஞ்ச ஆய்வுல, திரும்பத் திரும்பப் படிச்சவங்களைவிட, புத்தகத்தை மூடிட்டு ஞாபகப்படுத்தி எழுதிப் பார்த்தவங்களுக்கு ஒரு வாரம் கழிச்சு அதிகமா நினைவு இருந்துச்சு. பழைய கேள்வித்தாள் இருக்க பயமேன்!

மார்க் எங்கே இருக்குன்னு பாருங்க: 'கேட்'ல மொத்தம் 65 கேள்வி, 100 மார்க், மூணு மணி நேரம். மெக்கானிக்கல் பேப்பர்ல ஆப்டிட்யூடுக்கு 15, இன்ஜினீயரிங் கணக்குக்கு 13. ஆக, 28 மார்க் மெயின் சப்ஜெக்டுக்குள்ள நுழையாமலே கிடைக்கும். பயமுறுத்தற பாடத்துல மாட்டிக்கிட்டு முழிக்காம, இங்கேருந்து ஆரம்பிங்க. ரெண்டு வாரத்துல 'நம்மாலயும் முடியும்'னு ஒரு தெம்பு வரும்.

தவறவிட்ட நாளை மன்னிச்சு விடுங்க: இதுதான் ரொம்ப முக்கியம். ஒரு நாள் போச்சுன்னா, 'நான் உருப்பட மாட்டேன்'னு புலம்பியே நாலு நாளைக் கெடுப்போம். கனடாவுல கார்ல்டன் பல்கலைக்கழக மாணவர்கள்கிட்ட நடத்தி, 2010-ல வெளியான ஆய்வு ஒண்ணு இருக்கு. முதல் பரீட்சைக்குப் படிக்காம தள்ளிப்போட்டதுக்காகத் தன்னைத்தானே மன்னிச்சுக்கிட்டவங்க, அடுத்த பரீட்சைக்குக் குறைவாத்தான் தள்ளிப்போட்டாங்களாம். திட்டுறதை நிறுத்திட்டு சாயங்காலம் ஒரு கணக்கு போடுங்க. அந்த நாள் ஜீரோ இல்லை.

அப்புறம் என்ன ஆச்சு?

'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்னை விட்டு ஒரேயடியா ஓடிப்போகலை. மெஷின் டிசைன்ல பாதி கடைசி வரைக்கும் பெட்டிக்குள்ளயேதான் இருந்துச்சு. நூலகத்துக்குப் போகாத நாளும் நிறைய உண்டு. ஆனா ஹீட் டிரான்ஸ்ஃபர் முடிஞ்சது. நான் நாலு மாசம் தள்ளிப்போட்ட பாடம், ஒன்பதே நாள்ல!

ரெண்டாவது தடவை பாஸ். கனவு கண்ட ஐ.ஐ.டி. இல்லை, ஒரு என்.ஐ.டி.யில எம்.டெக் சீட். மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை. முதல் மாசப் பணத்துல அப்பாவோட சொசைட்டி லோனுக்கு ஒரு தவணை கட்டினேன். "உனக்கு வெச்சுக்கடா"ன்னார். ரசீதை மட்டும் மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார்.

ஒரு வருஷம் போனது போனதுதான். அது திரும்ப வராது. உங்களுக்கு அது போகக் கூடாதுன்னுதான் இத்தனையும்.

சரி, உங்க பெட்டி எது? எந்த சப்ஜெக்ட்? இப்ப பேரைச் சொன்னீங்களே, அதே சப்ஜெக்ட்ல போன வருஷக் கேள்வி ஒண்ணை எடுங்க. தப்பா வந்தாலும் பரவாயில்லை. பத்தே நிமிஷம்.

திங்கக்கிழமை வரைக்கும் எதுக்குப் பாஸ்? சாவியைப் போடுங்க!