செயப்படுபொருளும் அதன் நிரப்புச் சொல்லும்

மான்குர்த்தில் வாழும் நண்பர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆங்கிலக் கடிதத்துடன் நம்மிடம் வந்தார். மகனின் உதவித்தொகைக்காக அவர் அனுப்பிய விண்ணப்பம் அலுவலகத்தில் தவறிவிட்டதென்று முன்னர்க் கேள்வியுற்றிருந்தார். பின்பு வந்த அக்கடிதத்தின் முதல் வரி, ‘வீ ஹாவ் ஃபவுண்ட் யுவர் அப்ளிகேஷன் இன்கம்ப்ளீட்’ என்பது. ‘ஃபவுண்ட் யுவர் அப்ளிகேஷன்’ என்றதுமே, தொலைந்தது கிடைத்துவிட்டதென மகிழ்ந்து, கடிதத்தை மடித்து வைத்துவிட்டார். நம்மிடம் காட்டிய அன்று, குறையை நிறைவு செய்வதற்கான கெடு கடந்துவிட்டிருந்தது. அவ்வாண்டின் உதவித்தொகை அச்சிறுவனுக்குக் கிட்டவில்லை.

பிழை நேர்ந்தது இறுதிச் சொல்லிலேயாம். ‘விண்ணப்பத்தைக் குறையுடையதாகக் கண்டோம்’ என்பது அவ்வரியின் பொருள். தமிழில் ‘ஐ’ உருபு செயப்படுபொருளைக் காட்டுகிறது. ‘ஆக’ என்பது அதன் தன்மையைக் காட்டுகிறது. ஆங்கிலத்திலோ இவ்வடையாளங்கள் இல்லை; சொல் நிற்கும் இடமே பொருளை உணர்த்தும். செயப்படுபொருளுக்குப் பின் நின்று, அது எத்தகையது, யாதாயிற்று என்று முடித்துக் கூறுவதே நிரப்புச் சொல். ‘இன்கம்ப்ளீட்’ என்பதை ‘அப்ளிகேஷன்’ என்பதற்கு முன் வைத்தாலோ, குறையுள்ள விண்ணப்பம் அகப்பட்டது என்று பொருள் வேறாகிவிடும்.

பெயர்ச்சொல்லும் நிரப்புச் சொல்லாக வரும். 1995-இல் பம்பாய் நகரம் மும்பை ஆயிற்று. ‘தே நேம்டு தி சிட்டி மும்பை’ என்னும்போது, ‘சிட்டி’ செயப்படுபொருள். ‘மும்பை’ அதன் நிரப்புச் சொல். 1969-இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றதையும் இவ்வாறே கூறலாம்.

இதனை அறிய எளிய வழி ஒன்று உண்டு. இரு சொற்களுக்கும் இடையே ‘இஸ்’ என்பதை வைத்துப் பாருங்கள். ‘அப்ளிகேஷன் இஸ் இன்கம்ப்ளீட்’, ‘சிட்டி இஸ் மும்பை’ ஆகியவை பொருந்துகின்றன. ‘கேவ் ஹிம் எ புக்’ என்பதில் அவ்வாறு பொருந்தாது. அவன் புத்தகம் ஆகான். ஆகவே அங்கே இருப்பவை இரண்டு செயப்படுபொருள்களே. ‘கால் மீ எ டாக்ஸி’ என்றால், ‘எனக்கு டாக்ஸி அழை’ என்றும் கொள்ளலாம், ‘என்னை டாக்ஸி என்று அழை’ என்றும் கொள்ளலாம். இத்தகைய இடங்களில் சூழலே தீர்ப்புக் கூறும்.

மேக், கால், நேம், எலெக்ட், அப்பாயிண்ட், கன்சிடர், டிக்ளேர், ஃபைண்ட் முதலிய வினைகளின்பின் நிரப்புச் சொல் வருதல் இயல்பு. வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு அலுவலகக் கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. அவற்றில் இவ்வினைகளைக் கண்டால், செயப்படுபொருளோடு நின்றுவிடாமல் கடைசிச் சொல் வரை படித்தல் வேண்டும். செய்தி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.