காணாப் பொருளை நிறுத்தறிந்த கணக்கு

ஒத்த கோலிக்குண்டுகள் இரண்டனுள் ஒன்று அசையாதிருக்க, மற்றொன்று அதனை நேரே தாக்குமாயின், தாக்கியது ஏறக்குறைய நின்றுவிடும். தாக்குண்டது அதன் வேகத்தை ஏற்று ஓடும். இளமையில் யாம் கண்டு களித்த இக்காட்சியினுள் இரண்டு விதிகள் மறைந்துள்ளன. தமிழ் பயிலும் யாமும் அவற்றை அறிந்து வியந்தமையால், அன்பர்க்கு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

பொருண்மையை வேகத்தாற் பெருக்க வருவது உந்தம். பொருண்மையை வேகத்தின் இருபடியாற் பெருக்கிப் பாதியாக்க வருவது இயக்க ஆற்றல். புறவிசை தாக்காதவழி, மொத்த உந்தம் எம்மோதலிலும் மாறாது. இயக்க ஆற்றலும் வெப்பமாய்ச் சிதையாது நிற்பின், அது மீள்மோதல் எனப்படும்.

ஆற்றல் விதியில் இருபடிகள் வருதலாற் கணக்குச் செய்வார் மயங்குவர். நேர்மோதலில் அவ்விதியை உந்த விதியால் வகுப்பின், இருபடிகள் நீங்கி, நெருங்கிய வேகமே பிரியும் வேகம் என்னும் எளிய முடிபு எஞ்சும். இதனோடு உந்த விதியைச் சேர்க்க, அசையாதிருந்த பொருள் பெறும் வேகம் புலப்படும்: தாக்கும் பொருளின் உந்தத்தை இருமடங்காக்கி, இரு பொருண்மைகளின் கூட்டுத்தொகையால் வகுத்தல் வேண்டும்.

இச்சிறு கணக்கால் விளைந்த பயன் பெரிது. பெரிலியத்தை ஆல்பாத் துகள்கள் தாக்குங்கால் மின்னேற்றமில்லாக் கதிரொன்று எழுகின்றது. அது பாரபின் மெழுகிற் பட, ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தெறிக்கின்றன. 1932 ஜனவரியிற் பாரிசில் ஜோலியோ-கியூரி இணையர் அதனைக் காமாக் கதிரென்றே கருதினர். கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக் ஐயுற்றார். காமாக் கதிராயின், ஹைட்ரஜனைத் தள்ள ஏறக்குறைய 55 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலும், நைட்ரஜனைத் தள்ள 90 மில்லியனும் வேண்டும். ஒரே கதிர்க்கு இருவேறு ஆற்றல் எங்ஙனம் பொருந்தும்? காமாக் கதிர் என்னும் கொள்கையையேனும், காலங்காலமாய் நம்பிய விதிகளையேனும் கைவிடல் வேண்டும்!

சாட்விக் விதிகளையே பற்றி நின்று, கதிரைத் துகளெனக் கொண்டார். அதன் வேகமும் தெரியாது, பொருண்மையும் தெரியாது. ஆயினும் மோதல்கள் இரண்டு உள. ஹைட்ரஜன் பெற்ற வேகம் வினாடிக்கு 330 கோடி சென்டிமீட்டர். ஃபெதர் என்பாரது ஆய்வின்படி நைட்ரஜன் பெற்றது 47 கோடி. ஒன்றை மற்றொன்றால் வகுக்க, அறியாத வேகம் அகன்றுபோம். துகளின் பொருண்மையை 'ம' எனின்,

(ம + 14) ÷ (ம + 1) = 330 ÷ 47

என்றாகும். விடை ஏறக்குறைய 1.16. நைட்ரஜனின் வேக அளவிற் பத்திலொரு பங்கு பிழை நேரலாமாதலின், அத்துகள் ஹைட்ரஜன் கருவோடு ஒத்த பொருண்மையது என அவர் துணிந்தார். அதுவே நியூட்ரான். பின்னர் நுண்ணிதின் அளந்து கண்ட பொருண்மை 1.0087. சாட்விக்குக்கு 1935 இல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஈயத்தை எளிதிற் கடக்கும் நியூட்ரான் மெழுகிலும் நீரிலும் தளர்வதேன்? ஆண்டுள்ள ஹைட்ரஜன் கருவும் அதுவும் ஒத்த கோலிக்குண்டுகள் அன்றோ!