வீட்டுக்குக் காவல், பிள்ளைகளுக்குத் துணை: எந்த நாய் ஏற்றது?

தோட்டத்து வீட்டில் ஆடு, கோழி, மோட்டார் எல்லாவற்றுக்கும் காவல் வேண்டும். அதே நாய் வீட்டுப் பிள்ளைகளோடும் பழக வேண்டும். நிறத்தையும் விலையையும் மட்டும் பார்த்துக் குட்டி வாங்கினால் இரண்டும் கிடைக்காது. நம் நாட்டு இனங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

சிப்பிப்பாறை, கன்னி: முயல் விரட்டி ஓடிய இனங்கள். வீட்டாரிடம் சாது. ஆனால் ஓட இடம் வேண்டும். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டக் கூடாது. கோழியைத் துரத்தாதபடி குட்டியிலேயே பழக்க வேண்டும்.

ராஜபாளையம்: வளர்ப்பவரிடம் ஒட்டிக்கொள்ளும் காவல் நாய். வெள்ளைக் குட்டிகள் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. குட்டியைத் தனியே பிரித்து, பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து வாங்குங்கள்.

கோம்பை: தேனி மாவட்டத்து இனம். செம்பழுப்பு உடல், கறுத்த வாய். காவலுக்குக் கெட்டி. வேலையாட்கள் வந்துபோகும் வீடென்றால் சிறு வயதிலேயே ஆட்களைப் பழக்கிவிட வேண்டும்.

எந்த இனமானாலும் 8 வாரமாவது தாயிடம் இருந்த குட்டியாகப் பார்த்து வாங்குங்கள். தாயின் குணத்தையும் கவனியுங்கள். 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும். சிறு பிள்ளைகளை நாயுடன் தனியே விடாதீர்கள்.

நாய் கடித்தாலோ கீறினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீட்டு நாய்தானே என்று தள்ளிப்போட வேண்டாம். வெறிநோய் முற்றியபின் காப்பாற்ற மருந்தில்லை.