வெயில் ஏறினால் மீன் ஏன் கடிப்பதில்லை?

பத்து காஜா பக்கம் பழைய ஈயக் குட்டை ஒன்றில் தாத்தா தூண்டில் போடுவார். ரப்பர் தோட்டத்து வேலை போன பிறகு அதுதான் வீட்டுக் குழம்புக்கு வழி. போன விடுமுறையில் மதியம் வரை அவரோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு லம்பாம்கூட கடிக்கவில்லை. "வெயில் ஏறிட்டா மீனுக்கும் சோறு இறங்காதும்மா" என்றார்.

படித்துப் பார்த்தேன். தாத்தா சொன்னது சரிதான். 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 30 பாகையில் 7.6தான். மீனின் உடலோ, நீர் சூடேறச் சூடேறக் கூடுதல் உயிர்வளி கேட்கும். மழையில் பால்வெட்டு நின்ற தோட்டக் குடும்பம் மாதிரி, வரவு குறைகிறது, செலவு குறையவில்லை. தின்றதைச் செரிக்கவும் உயிர்வளி வேண்டுமே! அதனால் மீன் சும்மா கிடக்கிறது.

ஆழத்துக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். சூடான நீர் இலேசானது. மேலேயே மிதக்கும், அடிநீரோடு கலக்காது. அடியில் மக்கும் இலைதழைகள் இருக்கும் உயிர்வளியைத் தீர்த்துவிடும். விராலும் கெளுத்தியும் மேலே வந்து காற்றையே விழுங்கிச் சமாளிக்கும்.

வறட்சி என்றால் தண்ணீரே சுருங்கிவிடும். 1906இல் கட்டிய புக்கிட் மேரா ஏரியும் 2016 எல் நினோவில் வற்றியது.

பாசி பச்சையாகப் படர்ந்த குட்டையில் விடியற்காலைதான் மோசமான நேரம். இரவெல்லாம் பாசியும் உயிர்வளியை எடுத்துக்கொள்கிறது. அப்போது மீன்கள் மேலே வாய் பிளந்து நின்றால், தாத்தா தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.