பிரேக்குக்கு மட்டும் 8 லட்சம்! ரேஸ் கார் போடாததை ரோட்டுக் கார் போடுகிறது!

புதுக்கோட்டை—

கார் வாங்குகிறவர் முதலில் கேட்பது, "எவ்வளவு ஸ்பீடு போகும்?" அடுத்தது, "எவ்வளவு மைலேஜ்?" எத்தனை அடியில் நிற்கும் என்று கேட்கிற ஆளைக் காண்பது அரிது. அதைக் கேட்காததன் பலன் பில்லாக வரும்போதுதான் தெரிகிறது. சில சமயம் பில்லோடு போவதும் இல்லை.

2025 ஜனவரி 7-ந் தேதி. துபாய் பந்தயத் தளம். நடிகர் அஜித்குமார் தன் சொந்த ரேஸ் டீமின் போர்ஷே காரில் பயிற்சி ஓட்டிக்கொண்டிருந்தார். வந்த வேகத்தில் கார் தடுப்புச் சுவரில் மோதியது. மோதி, பம்பரம் போலச் சுழன்று நின்றது. அந்தக் காட்சி அன்று சாயங்காலத்துக்குள் தமிழ்நாட்டில் எல்லா டீக்கடை செல்போனிலும் ஓடிவிட்டது. அஜித் காயமில்லாமல் இறங்கி நடந்தார். காரணம் என்ன? பிரேக் கோளாறு என்று டீம் தரப்பிலேயே சொன்னார்கள்.

24 மணி நேரப் பந்தயம் நான்கே நாளில். தன் டீமின் காரை ஓட்டும் பொறுப்பிலிருந்து அஜித் விலகிக்கொண்டார். வேறொரு டீமின் போர்ஷே கேமனில் ஏறி ஓட்டினார். ஜனவரி 12-ந் தேதி பந்தயம் முடிந்தபோது அவருடைய டீம் தன் பிரிவில் மூன்றாவது இடம் பிடித்தது. தேசியக் கொடியோடு அவர் ஓடி வந்தது தனிக் கதை.

கோடிக்கணக்கில் விலை பேசும் கார். கூடவே கம்பெனி என்ஜினீயர்கள், மெக்கானிக்குகள். அந்தக் காருக்கே பிரேக் கைவிடும் என்றால், ஆன்லைனில் படம் பார்த்து பேடு வாங்கி, தெருமுனையில் மாட்டிக்கொள்கிற காருக்கு?

ரோட்டிலே ராஜா

புதுக்கோட்டைப் பக்கம் ஸ்போர்ட்ஸ் கார் ஏது என்று கேட்கலாம். திருச்சி–மதுரை நாலுவழிச் சாலை நம் மாவட்டத்து விராலிமலை வழியாகத்தான் போகிறது. சென்னை நம்பர் வண்டிகள் அதில் அம்பு போலப் பறப்பதை அந்த ஊர் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் தினம் பார்க்கிறார்கள். வெளிநாட்டுச் சம்பாத்தியம் உள்ள குடும்பங்களும் மாவட்டத்தில் குறைவில்லை. புதுசு வாங்க வசதி இல்லாதவருக்கு ஆசை மட்டும் இல்லாமலா போகும்? பத்து வருஷம் ஓடிய இரண்டு கதவு ஜெர்மன் கார், சென்னையிலும் பெங்களூரிலும் பாதி விலைக்கும் கீழே வருகிறது.

சிக்கலே அங்கேதான். கார் விலை பாதியாகும். பிரேக் விலை பாதியாகாது! கோடி ரூபாய்க் காரை முப்பது லட்சத்துக்கு வாங்கினாலும் அதன் பிரேக் டிஸ்க்குக்குக் கோடி ரூபாய்க் காரின் விலைதான்.

மாருதி போன்ற சாதாரணக் காருக்கு முன் சக்கர பேடு ஒரு செட் ஆயிரம், ஆயிரத்து ஐநூறில் முடிகிறது. ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காருக்கு அதே செட் பதினைந்தாயிரம், இருபதாயிரத்தைத் தாண்டும். பேடு தேய்ந்ததைச் சொல்லும் சென்சார் ஒயர் தனி. டிஸ்க்கும் தேய்ந்திருந்தால் பில் லட்சத்தை எட்டிப் பார்க்கும். மோட்டார் உதிரி பாகங்களுக்கு இருந்த 28 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்ததில் கொஞ்சம் மூச்சு விடலாம். கொஞ்சம்தான்.

தலை சுற்றும் செராமிக்

இதெல்லாம் இரும்பு டிஸ்க்கின் கணக்கு. செராமிக் என்றொரு வகை இருக்கிறது. கார்பன் நாரைச் சிலிக்கானோடு சேர்த்து 1,400 டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டு எடுப்பது. போர்ஷே கம்பெனி 2001-ல் 911 ஜி.டி.2 காரில் போட்டு ஆரம்பித்து வைத்தது. எடை இரும்பில் ஏறத்தாழ பாதி. துரு ஏறாது. சக்கரத்தில் கறுப்புத் தூசி படியாது. அடையாளம், சக்கர இடுக்கில் மஞ்சள் நிறத்தில் தெரியும் கேலிப்பர். அந்த மஞ்சளைக் காட்டத்தான் பாதிப் பேர் வாங்குகிறார்கள் என்று தோன்றுகிறது.

விலை? புதுக் காரோடு சேர்த்துக் கேட்டாலே அமெரிக்காவில் 9,000 டாலரை ஒட்டி வாங்குகிறார்கள். நம் பணத்தில் சுமார் 8 லட்சம். கீரனூர்ப் பக்கம் ஒரு மனை விலை கேட்டுப் பார்க்கலாம்! அப்புறம் டிஸ்க்கைத் தனியாக வாங்கி மாற்றுவதென்றால் இதையும் மிஞ்சிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், அஜித் டீம் ஓட்டிய 911 ஜி.டி.3 கப் ரேஸ் காரில் செராமிக் கிடையாது! முன்னால் 380 மில்லிமீட்டர் ஸ்டீல் டிஸ்க், பின்னாலும் 380. ரேஸில் பேடும் டிஸ்க்கும் டயர் மாதிரி. தேயும், மாற்ற வேண்டும். மாற்றுவது சீக்கிரமாகவும் மலிவாகவும் முடிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ரேஸ் தளத்துக்கு ஓட்டிப் பழகப் போகும் வெளிநாட்டுக்காரர்களும், செராமிக் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு இரும்பைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். ஓடித் தேய்க்கிறவர் இரும்பு, ஊர்வலம் போகிறவர் செராமிக். இதுதான் நிலவரம்.

செராமிக்குக்கு இன்னொரு பயமும் உண்டு. சூட்டைத் தாங்கும், அடியைத் தாங்காது. சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது ரிம் நழுவி டிஸ்க் ஓரத்தில் இடித்தால் சில்லு தெறிக்கும். தெறித்த டிஸ்க்கைத் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லாமல் போகலாம். ராத்திரி பதினோரு மணிக்கு பைபாஸ் பஞ்சர் கடையில் அரைத் தூக்கத்தில் எழுந்து வரும் பையன், சக்கரத்தைக் காலால் ஒரு உதை விட்டுத்தான் மாட்டுவான். அவனுக்குத் தெரியுமா அது மூன்று, நான்கு லட்ச ரூபாய்ச் சாமான் என்று?

எட்டு லிட்டர் வெந்நீர்

பிரேக் செய்கிற வேலைதான் என்ன? ஓடுகிற வேகத்தைச் சூடாக மாற்றுவது. அவ்வளவே. ஒன்றரை டன் கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நின்றால், பிறக்கிற சூடு இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரப் போதும். 200 கிலோமீட்டர் என்றால் நான்கு லிட்டரா? இல்லை, எட்டு லிட்டர்! வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. டீக்கடை பாய்லரே வைக்கலாம். அத்தனை சூடும் ஒரு சில வினாடிக்குள் நான்கு தட்டுகளில் இறங்குகிறது.

சூடு அங்கேயே நின்றால் பரவாயில்லை. பிரேக் ஆயிலுக்கும் போகிறது. அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. புதுசாக இருக்கும்போது டாட்-4 ஆயில் கொதிக்க 230 டிகிரியாவது வேண்டும். ஈரம் குடித்து நாள்பட்டதற்கு 155 போதும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. பெடலை மிதித்தால் பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி கீழே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டிய இந்த ஆயிலின் விலை சில நூறு ரூபாய்தான்! எட்டு லட்சத்துக்கு டிஸ்க் போட்டவர் இதை மறந்துவிடுகிறார்.

மயில் வந்தால்?

அடுத்த ஏமாற்று, ஏமாற்று என்பதைவிட ஏமாளித்தனம், 'ரேஸ் பேடு'. ரேஸுக்குப் போடுகிற பேடு நம் காருக்கு இன்னும் நல்லதுதானே என்று நினைத்து வாங்குகிறார்கள். அது சூடேறினால்தான் கடிக்கும். ஒவ்வொரு வளைவிலும் மிதித்துச் சிவக்கச் சிவக்க ஓட்டுகிற ரேஸ் தளத்துக்கு அது சரி. விராலிமலையில் அரை மணி நேரம் பிரேக்கே தொடாமல் வருகிறவன் முன்னால் திடீரென்று மயில் இறங்குகிறது. இலுப்பூர் ரோட்டில் ஆட்டு மந்தை. அறந்தாங்கி ரோட்டில் சாயங்காலம் வீடு திரும்பும் மாடு. அந்த முதல் மிதி, சில்லென்று இருக்கிற பேடில் விழுகிற மிதி. சாதாரண ரோட்டு பேடு அங்கே கடிக்கும். ரேஸ் பேடு யோசிக்கும்.

இதைக் கண்டுபிடிக்க பேடின் ஓரத்தையோ முதுகையோ பார்த்தால் போதும். நல்ல கம்பெனி பேடுகள் பலவற்றில் 'எஃப்.எஃப்.', 'ஜி.ஜி.' என்று இரண்டு எழுத்து அச்சடித்திருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் பிடிக்கும் தன்மை, இரண்டாவது கொதிக்கிற சூட்டில். 'இ' என்றால் குறைவு, 'எஃப்' நடுத்தரம், 'ஜி' கூடுதல். ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு முதல் எழுத்து முக்கியம். காய்கறி வாங்கும்போது முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கிறோம். பேடைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

ஓட்டை போட்ட டிஸ்க்கும் இதே ரகம். பார்க்க ஜோர். ஆனால் கடுமையாகச் சூடேறும் வண்டியில் ஓட்டையைச் சுற்றித்தான் முதலில் விரிசல் விடுகிறது. ரோட்டில் ஓட்ட ஓட்டையில்லாத கெட்டி டிஸ்க்கே யதேஷ்டம்.

அசலும் போலியும்

பிரேக் சாமான் தயாரிப்பில் தமிழ்நாடு யாருக்கும் இளைத்ததல்ல. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-ல் தொடங்கியது. 1964-ல் ரானே பிரேக் லைனிங், 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். இந்தியா முழுக்க லாரி, பஸ், கார் என்று இவர்கள் சாமான் ஓடுகிறது. ஓடுகிற பெயருக்குத்தானே போலி முளைக்கும்? அதே நிற டப்பா, ஒரு எழுத்து மட்டும் மாறிய பெயர், பாதி விலை. பில் கேட்டால் "பில் போட்டா வரி சேரும் சார்" என்று பதில் வந்தால் அங்கேயே திரும்பிவிடலாம். பதிப்புரிமைச் சட்டத்திலும் வணிகச் சின்னச் சட்டத்திலும் இதற்கு ஜெயில் உண்டு. ஆனால் பில் இல்லாதவர் எதைக் காட்டிப் புகார் கொடுப்பார்?

ஸ்போர்ட்ஸ் கார்க்காரருக்கு இன்னொரு எச்சரிக்கை. இப்போது வரும் பல கார்களில் ஹேண்ட் பிரேக்குக்கு லீவர் கிடையாது, பட்டன்தான். பின் சக்கர கேலிப்பருக்குள் சின்ன மோட்டார் இருக்கிறது. கம்ப்யூட்டரை மாட்டி அதைப் பின்வாங்கச் செய்த பிறகே பேடு மாற்ற வேண்டும். பழைய பழக்கத்தில் கிளாம்ப் போட்டு அழுத்தினால் மோட்டார் காலி. அந்த ஸ்கேனர் உள்ள ஒர்க்ஷாப் உள்ளூரில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, இல்லாவிட்டால் திருச்சிக்குப் போவது லாபம்.

மெக்கானிக்குகளுக்கும் ஒரு வார்த்தை. பிரேக் டிரம்மைத் திறந்ததும் ஏர் ஹோஸைப் பிடித்துத் தூசியை ஊதுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் பல வருஷம் கழித்துக் கேன்சராகக் கிளம்பும். ஈரத்துணியால் துடைத்தால் தீர்ந்தது.

"பிரேக் பிடிக்கல சார்!"

விபத்து நடந்த இடத்தில் டிரைவர் வாயிலிருந்து முதலில் வருகிற வாக்கியம் இதுதான். போலீஸ் ஸ்டேஷன் எழுத்தருக்கு மனப்பாடம். ஆனால் கதை அதோடு முடிவதில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து வண்டியைப் பார்ப்பார். பிரேக் நன்றாக இருந்தால் டிரைவர் சொன்னது பொய். பிரேக் தேய்ந்து கிடந்தால், தெரிந்தே ஓட்டினாயா என்ற கேள்வி வரும். மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவு அதற்கென்றே இருக்கிறது. உயிர் போயிருந்தால் கேட்க வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் அமலான புதிய சட்டத்தில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை ஜெயில். பழைய சட்டத்தில் இது 2 ஆண்டு. இன்சூரன்ஸ் கம்பெனியும் தேய்மானத்துக்குப் பணம் தராது. பாலிசித் தாளில் பொடி எழுத்தில் அது இருக்கிறது.

டிஸ்க் எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பது டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், இத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே கூடாது என்று. மாற்றினால் இடதும் வலதும் சேர்த்துத்தான். காசு மிச்சம் பிடிக்க ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் அவசரத்தில் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். எதிரே வருகிற டவுன் பஸ்ஸின் பக்கம் இழுக்காது என்று யார் உத்தரவாதம் தருவது?

புது பேடு மாட்டிய அன்றைக்கு முழுப் பிடிப்பும் கிடைக்காது. பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை அழுத்தி மிதிக்காமல், முன்னால் போகும் வண்டியை ஒட்டாமல் ஓட்ட வேண்டும். சாயங்காலம் பேடு போட்டுக்கொண்டு அன்று ராத்திரியே நண்பர்களை ஏற்றி திருச்சிக்கு இரண்டாவது ஆட்டம் பார்க்கப் பறக்கிறவருக்கு, கீரனூர் தாண்டுவதற்குள் யாராவது ஒருவர் குறுக்கே வந்து இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்.