மில்லர் குழுவும் மைசூர் இடஒதுக்கீடும்

1918-இல் மைசூர் சமஸ்தானத்தின் மக்கள்தொகையில் பிராமணர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. ஆனால் பெங்களூர் அட்டாரா கச்சேரியில் இயங்கிய அரசின் உயர் பதவிகளில் பெரும்பகுதி அவர்களிடமே இருந்தது. மற்றவர்கள் வரக்கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. உத்தியோகத்துக்கு ஆங்கிலப் படிப்பு வேண்டும். அது கிடைத்ததோ பெரும்பாலும் நகரங்களில். கிராமத்துப் பிள்ளை நகரத்தில் எங்கே தங்கிப் படிப்பது? 1906-இல் தோன்றிய ஒக்கலிகர் சங்கம் மாணவர் விடுதிகளில் அக்கறை காட்டியது இதனால்தான்.

யாரும் வெறுப்போடு கதவைச் சாத்தாமலே ஒரு கூட்டம் வெளியே நிற்க நேர்வதைத்தான் அமெரிக்காவில் ஸ்டோக்லி கார்மைக்கேலும் சார்லஸ் ஹாமில்டனும் 1967-இல் 'நிறுவன இனவெறி' என்றார்கள். அலபாமாவின் பர்மிங்காமில் தேவாலயத்துக்குக் குண்டு வைத்துக் கறுப்பினச் சிறுமிகளைக் கொன்றது தனிமனித வெறி. அதே நகரில் உணவும் மருத்துவமும் எட்டாமல் ஆண்டுதோறும் கறுப்பினக் குழந்தைகள் மடிவது நிறுவன வெறி என்பது அவர்கள் காட்டிய வேறுபாடு. சாதியும் இனமும் ஒன்றல்ல. ஆனாலும் விலக்கும் முறை ஒன்றேதான்.

மைசூரில், அரசுப் பணியில் பிராமணரல்லாதாருக்கு இடம் கேட்ட பிரஜா மித்ர மண்டலியின் கோரிக்கையை ஏற்று, மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1918-இல் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் குழு அமைத்தார். திறமை குறையும் என்று எதிர்த்த திவான் விசுவேஸ்வரய்யா அதே ஆண்டு பதவி விலகினார். அணை கட்டிய அந்தப் பெரிய பொறியாளருக்குத் தேர்வின் மதிப்பெண் தெரிந்தது, தேர்வு வரை வரும் பாதை தெரியவில்லை. ஏழு ஆண்டுக்குள் உயர் பதவிகளில் பாதியும் கீழ்ப்பதவிகளில் மூன்றில் இரண்டு பங்கும் பிராமணரல்லாதாருக்குச் சேர வேண்டும் என்றது குழு. 1921-இல் அரசு அதை ஏற்றது.

குறை இதிலும் இருந்தது. பிராமணரல்லாதார் அனைவரையும் ஒரே கணக்கில் வைத்ததால் நிலமுள்ள சாதிகளே முந்திக்கொண்டன. பின்னாளில் கர்நாடகமான மைசூர் மாநிலத்தின் முதலமைச்சர் தேவராஜ் அர்ஸ் அமைத்த ஹாவனூர் ஆணையம் 1975-இல் லிங்காயத்துகளைப் பிற்பட்டோர் பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னது அந்தக் கணக்கைத் திருத்தத்தான். எதிர்ப்பும் கடுமையாகவே எழுந்தது.

இடஒதுக்கீட்டுக்கான ஐம்பது விழுக்காட்டு வரம்பும் இந்த மாநிலத்து வழக்கில் பிறந்ததே. பொறியியல், மருத்துவக் கல்லூரிகளில் 68 விழுக்காடு ஒதுக்கிய மைசூர் அரசாணையை, பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-இல் ரத்து செய்தது. 1992-இல் மண்டல் வழக்கும் அந்த வரம்பை உறுதிசெய்தது. ஆனாலும் 2022-இல் கர்நாடகம் பட்டியல் சாதியினருக்கு 15-இலிருந்து 17 ஆகவும், பழங்குடியினருக்கு 3-இலிருந்து 7 ஆகவும் ஒதுக்கீட்டை உயர்த்தியது. பிற்பட்டோருக்கான 32 விழுக்காட்டையும் சேர்த்தால் மொத்தம் 56.