ஒரு டாலர் 3 ரூபாயிலிருந்து 80-க்கு மேல போன கதை: உங்க சம்பளத்துக்கு இதுல என்ன பாடம்?

"1947-ல ஒரு ரூபாயும் ஒரு டாலரும் சமம்"னு ஒரு மெசேஜ் ஒவ்வொரு ஆகஸ்ட் 15-க்கும் ஃபேமிலி குரூப்புல தவறாம வரும். படிச்சதும் பெருமையாவும் இருக்கும், வருத்தமாவும் இருக்கும். ஆனா அது உண்மை இல்லை. ஒரு சின்ன கணக்குப் போட்டாலே தெரிஞ்சிடும்.

அந்தக் காலத்துல ரூபாய் நேரடியா டாலரோட இல்லை, பிரிட்டிஷ் பவுண்டோடதான் கட்டப்பட்டிருந்தது. ஒரு பவுண்டுக்கு சுமார் 13.33 ரூபாய். அதே ஒரு பவுண்டுக்கு 4.03 டாலர். 13.33-ஐ 4.03-ஆல வகுத்துப் பாருங்க, சுமார் 3.31 வரும். அதாவது சுதந்திரம் வாங்கினப்போ ஒரு டாலர் 3 ரூபாய் 31 காசு.

மூணு பெரிய சரிவுகள்

முதல் சரிவு 1949 செப்டம்பர். பிரிட்டன் தன் பவுண்டோட மதிப்பை 2.80 டாலரா குறைச்சது. நம்ம ரூபாயும் கூடவே இறங்கியது. டாலர் 4.76 ரூபாய் ஆச்சு.

இரண்டாவது 1966 ஜூன் 6. சீனாவோடயும் பாகிஸ்தானோடயும் அடுத்தடுத்து போர், மழை பொய்த்துப் போன வருஷம், வெளிநாட்டு உதவி குறைஞ்ச நேரம். அரசாங்கமே முடிவெடுத்து டாலரை 4.76-லிருந்து 7.50 ரூபாயாக்கியது.

மூணாவது 1991 ஜூலை. இறக்குமதிக்குக் கொடுக்க சில வாரங்களுக்கு மட்டுமே அந்நியச் செலாவணி கையிருப்பு இருந்தது. வீட்டுல கஷ்டம் வந்தா நகையை அடகு வைக்கிற மாதிரி, நாடே சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுல அடகு வெச்சது. ஜூலை 1, ஜூலை 3 என இரண்டு தவணையில ரூபாய் மதிப்பு குறைக்கப்பட்டது. சுமார் 21 ரூபாயா இருந்த டாலர் சுமார் 26 ஆச்சு. அப்போ ரிசர்வ் வங்கி கவர்னரா இருந்தவர் நாகர்கோவில்ல பிறந்த எஸ். வெங்கிடரமணன்.

1993 மார்ச்சுக்குப் பிறகு ரூபாயோட விலையை சந்தைதான் தீர்மானிக்குது. ரொம்ப வேகமா ஏறி இறங்கினா ரிசர்வ் வங்கி டாலரை வாங்கியோ வித்தோ அதைத் தணிக்கும். அவ்வளவுதான்.

எப்பவும் ரூபாய் இறங்கிட்டேதான் இருக்குமா?

இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. 2003 ஆரம்பத்துல டாலர் சுமார் 48 ரூபாய். 2007 கடைசியில 40-க்கும் கீழ வந்துடுச்சு. "டாலர் ஏறத்தானே செய்யும்"னு நம்பி டாலரைப் பிடிச்சு வெச்சிருந்தவருக்கு அந்த அஞ்சு வருஷத்துல மொத்தத்துல நஷ்டம்தான்.

இதுக்கு நேர் எதிரா 2013-ஐ எடுத்துக்கோங்க. மே மாசம் சுமார் 54 ரூபாய். ஆகஸ்ட் 28-ல 68-ஐத் தாண்டிடுச்சு. அந்த வருஷம் அமெரிக்காவுல எம்.எஸ். சேர 40,000 டாலர் கட்ட வேண்டிய ஒரு மாணவரை நினைச்சுப் பாருங்க. மே மாசக் கணக்குல 21.6 லட்சம். ஆகஸ்ட் கடைசியில 27.2 லட்சம். ஃபீஸ் ஒரு டாலர் கூட ஏறலை. ஆனா அந்த வீட்டுக்கு 5.6 லட்சம் கூடுதல் சுமை, அதுவும் நாலே மாசத்துல.

2022 அக்டோபர்ல 83-ஐத் தொட்டது, 2024 டிசம்பர்ல 85-ஐத் தாண்டியது. 1991 ஜூலையோட 26-லிருந்து 2022-ன் 83 வரைக்கும் கணக்குப் போட்டா, டாலர் வருஷத்துக்கு சராசரியா சுமார் 3.8 சதவீதம் ஏறியிருக்கு. ஆனா அது ஒரே சீரா ஏறலை. சில வருஷம் அசையாம நிக்கும், சில மாசத்துல தடதடன்னு ஓடும்.

ஏன் இப்படி?

முக்கியமான காரணம் விலைவாசி. நம்ம ஊர்ல பணவீக்க இலக்கு 4 சதவீதம், அமெரிக்காவுல 2 சதவீதம். எந்த நாட்டுல விலைவாசி வேகமா ஏறுதோ, அந்த நாட்டுப் பணம் நீண்ட காலத்துல மெலியும். அடுத்தது கச்சா எண்ணெய். நமக்குத் தேவையானதுல பெரும்பகுதியை டாலர் கொடுத்துத்தான் வாங்குறோம். மூணாவது, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பயந்து பங்குகளை வித்துட்டு வெளியேறும்போது, எல்லாரும் ஒரே நேரத்துல டாலர் கேட்பாங்க.

சரி, நாம என்ன பண்ணணும்?

முதல்ல உங்களுக்கு டாலர்ல ஒரு செலவு இருக்கான்னு பாருங்க. குழந்தையை 15 வருஷம் கழிச்சு வெளிநாட்டுல படிக்க வைக்கணும், இன்னைக்கு ஃபீஸ் 50,000 டாலர்னு வெச்சுக்கலாம். கணக்குக்கு டாலர் 85 ரூபாய்னு எடுத்தா 42.5 லட்சம். டாலர் வருஷம் 3 சதவீதம் ஏறினா, 15 வருஷத்துல அது 66 லட்சம். ஃபீஸும் வருஷம் 3 சதவீதம் ஏறினா 1 கோடியைத் தாண்டிடும். 42 லட்சம்தானேன்னு இலக்கு வெச்சவர் பாதி வழியில மாட்டிக்குவார்.

அந்த மாதிரி இலக்கு இருந்தா, சேமிப்புல ஒரு பகுதியை வெளிநாட்டுப் பங்குகள்ல முதலீடு பண்ற ஃபண்டுல மாசாமாசம் போடுறதுல அர்த்தம் இருக்கு. டாலர் ஏறினா உங்க ஃபண்டும் ரூபாய்க் கணக்குல ஏறும். வாடகை, மளிகை, ரிட்டயர்மென்ட்னு செலவெல்லாம் இங்கேயே ரூபாய்லதான்னா, டாலருக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டாம்.

இன்னொண்ணு. கூகுள்ல தெரியற ரேட் உங்களுக்குக் கிடைக்காது. பேங்க் விற்கிற ரேட் அதைவிடக் கூடுதலா இருக்கும். கிரெடிட் கார்டுல டாலர் செலவு பண்ணா பெரும்பாலும் 2-லிருந்து 3.5 சதவீதம் மார்க்கப், அதுக்கு மேல ஜிஎஸ்டி. ஒரு வருஷத்துல ரூபாய் இறங்கற அளவை, ஒரே ஸ்வைப்புல நீங்களே கொடுத்துடறீங்க! பணம் அனுப்புறதுக்கு முன்னாடி இரண்டு மூணு இடத்துல, எல்லாச் சார்ஜும் சேர்த்து எவ்வளவுன்னு கேளுங்க.

கடைசியா, நாளைக்கு டாலர் எவ்வளவு இருக்கும்னு அடிச்சுச் சொல்றவங்களை நம்பாதீங்க. நம்ம கையில இருக்கிறது தேதியும் தொகையும் மட்டும்தான். எந்த வருஷம் எத்தனை டாலர் வேணும்? இன்னைக்கே ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. உங்க கணக்கு என்ன வந்துச்சுன்னு வீடியோவுக்குக் கீழ கமெண்ட்ல சொல்லுங்க, சேர்ந்தே சரிபார்க்கலாம்.